ஏழாவது தண்ணீர்

போன வாரம் ஒரு வீட்டுப் பந்தியைப் பாதியில் எழுப்பிவிட்டேன்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பழைய சிநேகிதர் ஒருவர் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். சாப்பாட்டு விஷயத்தில் நான் எப்படி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் வராமல் எழுந்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் சாம்பாரோடு எழுந்தால் ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கொல்லைப்புறம் தெரிந்தது. சமையல்காரர் வாணலியில் வடை போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் குறைந்ததும் பக்கத்திலிருந்த டின்னைத் தூக்கிச் சாய்த்தார். பளபளவென்ற டின். திருகு மூடி, குறுகிய கழுத்து, அடியில் வட்டமாக ஒரு முத்திரை... எனக்குக் கை நின்றுவிட்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். அதேதான். பூச்சி மருந்து வந்த டின்.

"யாரும் வடை சாப்பிடாதீங்க. இலையை எடுங்க" என்று கத்தினேன். இருபது பேர் எழுந்தார்கள். வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் வேறு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லா கழுவினது சார். சுடுதண்ணி ஊத்தி, சோடா உப்பு போட்டு, எம் பொண்டாட்டி ரெண்டு நாளா கழுவிக்கினு இருந்தா. ஏன் சார் இப்படிப் பேஜாரு பண்றீங்க?" என்றார் சமையல்காரர்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டின் ஒருவேளை நிஜமாகவே சுத்தமாக இருந்திருக்கலாம். சிநேகிதர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஆனால் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால் விவசாய டிப்போ ஒன்றில் வேலை பார்த்தேன் என்று எப்போதோ சொல்லியிருக்கிறேன். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு விதை, உரம், பூச்சி மருந்து கொடுக்கிற டிப்போ. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். காக்கி ட்ரவுசர், சைக்கிள், கேரியரில் ஒரு ஸ்ப்ரேயர். ஊருக்குள் போனால் "மருந்து சார் வர்றாரு" என்பார்கள். இருபத்தாறு வயசில் அந்த "சார்" தலைக்கு ஏறும்... எனக்கும் ஏறியிருந்தது.

சீனச் சண்டைக்கு மறு வருஷம். ஆடி மாசம். மல்லாட்டைக் கொல்லைகளில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை) கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது. ராத்திரி பச்சையாக இருந்த கொல்லை காலையில் வெறும் காம்பாக நிற்கும். ஆனாலும் மருந்து என்றால் ஜனங்களுக்குப் பயம். டின்னில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். அதைக் கொண்டுபோய் விளைகிற பயிரில் அடி என்றால் யார் அடிப்பார்கள்?

முதலில் துணிந்தது அஞ்சலை அம்மாள். நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. ஒன்றரை ஏக்கர் சொந்தக் கொல்லை. ஒரே மகள் பச்சையம்மாளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை.

"அடிங்க சார். பூச்சி தின்னாலும் போவப் போவுது, மருந்துல கருவினாலும் போவப் போவுது. பாத்துருவோம்" என்றார்.

அடித்தேன். பயிர் பிழைத்தது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் டிப்போவுக்கு வந்தார்கள். எனக்கு மேலிடத்தில் நல்ல பெயர். அஞ்சலை அம்மாள் எனக்குச் செய்த உபகாரம் என்றே அதைச் சொல்லவேண்டும்.

புரட்டாசியில் அவர் டிப்போவுக்கு வந்தார். கொல்லைப்பக்கம் அடுக்கியிருந்த காலி டின்களைப் பார்த்தார்.

"சார், ஒரு டின்னு குடுங்களேன். மல்லாட்டை ஆட்டி வெச்சிருக்கிறேன். நோன்புக்குப் பொண்ணு வூட்டுக்கு எண்ணெய் அனுப்பணும். மூடி கெட்டியாக்கீது, ரயில்ல எடுத்துப் போனா சிந்தாது."

தீபாவளி அமாவாசையில் எங்கள் பக்கத்தில் நோன்பு எடுப்பார்கள். அதிரசம் சுட்டுப் படைத்து, கயிறு கட்டிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்த வருஷம்தான் மாமியார் நோன்பைப் பச்சையம்மாள் கையில் ஒப்படைத்திருந்தார். அப்படி ஒப்படைத்தால் தாய்வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், எண்ணெய் சீராகப் போகவேண்டும்.

காலி டின்களை நசுக்கிக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும் என்பது சர்க்குலர். டிப்போ சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் அந்த டின்னுக்கு ஊரில் இருந்த கிராக்கி! எறும்பு ஏறாது, எலி கடிக்காது. வேண்டியவர்களுக்கு ஒன்றிரண்டு கொடுப்பது பழக்கமாகிவிட்டது. நானே ஒன்றைத் தேடி எடுத்து, ஒடுக்கு இல்லாததாகப் பார்த்து, அவர் கையில் கொடுத்தேன்.

"நல்லாக் கழுவணும்மா" என்றேன். பெரிய புத்திமதி.

டிப்போ கிணற்றடியிலேயே உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தார். அந்த மருந்தைத் தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். முதல் தண்ணீர் கெட்டிப் பால். இரண்டாவது காப்பிக்கடைப் பால். சாம்பல் போட்டு, புளி போட்டு, சீயக்காய் போட்டு, ஒரு பிடிக் கூழாங்கல்லை உள்ளே போட்டுக் குலுக்கிக் குலுக்கி... நாலாவது, ஐந்தாவது தண்ணீரில் வெளுப்புக் குறைந்தது. ஏழாவது தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

அத்தோடு விட்டாரா? இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்து, அந்தத் தண்ணீரைக் கோழிக்கு வைத்திருக்கிறார். மறுநாள் டின்னோடு திரும்பி வந்தார்.

"கோழி நல்லாக்கீது சார். மேஞ்சிக்கினு கீது. எண்ணெய் ஊத்தலாமா?"

நான் டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தேன். படித்தவன் இல்லையா? பிறகு சொன்னேன்.

"போதும்மா. நல்லாக் கழுவியாச்சு. தாராளமா ஊத்துங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, என் படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காலேஜில் எங்களுக்கு ஒரு பரிசோதனை உண்டு. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மல்லாட்டை எண்ணெய். ஒன்றில் தண்ணீர் விட்டால் எண்ணெய் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு குலுக்கினாலும் சரி, கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். ஸ்பிரிட்டில் விட்டால் பட்டும் படாமலும் அடியில் நிற்கும். ஈதரில், பெட்ரோலில் விட்டால் இருந்த இடம் தெரியாது. விளக்கெண்ணெய் மட்டும் விசித்திரப் பிறவி. ஸ்பிரிட்டோடு கலந்துவிடும், பெட்ரோலோடு முரண்டு பிடிக்கும். மதுவிலக்குக் காலமாதலால் ஸ்பிரிட் பாட்டிலை வாத்தியார் பூட்டி வைத்து, சொட்டுச் சொட்டாக அளந்து கொடுப்பார். கொழுப்பு ஜாதியைக் கொழுப்பு ஜாதிதான் கரைக்கும், தண்ணீர் ஜாதியைத் தண்ணீர் ஜாதிதான் கரைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன்.

அந்தப் பூச்சி மருந்து எந்த ஜாதி? எண்ணெய் ஜாதி. தண்ணீரில் அது கரைவதில்லை. பால் மாதிரி ஆகிறதே, அதற்குக் காரணம் கூடச் சேர்த்திருக்கிற சோப்பு மாதிரி ஒரு சரக்கு. கழுவக் கழுவ முதலில் போவது அந்தச் சோப்புச் சரக்குதான். அது போனதும் தண்ணீர் தெளிந்துவிடும். டின்னின் மூட்டிலும் ஈயப்பற்றின் இடுக்கிலும் படிந்த மருந்து அப்படியே இருக்கும். தண்ணீர் அதைத் தொடாது. ஒரு நாள் என்ன, ஒரு மாசம் ஊற்றி வைத்தாலும் கோழி உயிரோடுதான் இருக்கும். ஆனால் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள்... இடுக்கில் இருப்பதையெல்லாம் இழுத்து எடுத்துக்கொள்ளும்.

ஏழாவது தண்ணீரின் தெளிவு எதையும் நிரூபிக்கவில்லை. இது எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளில் தெரிந்தது, டிப்போ வாசலில் தெரியவில்லை.

அஞ்சலை அம்மாள் டின்னை எடுத்துப் போனார். சீர் வைக்கிற சாமானில் மண்டையோடு இருக்கலாமா? காகிதத்தைச் சுரண்டி எடுத்தார். டின்னுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார். எண்ணெய் நிரப்பி, ரயிலேறி, மகள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நல்ல எண்ணெய் முழுக்க மகளுக்கு. வீட்டுக்குப் பானையின் அடியில் கிடந்த பழசு.

நோன்பு அன்று பச்சையம்மாள் அதிரசம் சுட்டாள். அடுப்பில் எண்ணெய் காயும்போது ஏதோ மருந்து நெடி வந்ததாம். புது டின் வாசனை என்று நினைத்தாளாம். மற்ற நாளாக இருந்தால் முதல் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்திருப்பாள், அல்லது மூக்கருகில் கொண்டுபோயிருப்பாள். நோன்புப் பலகாரத்தைப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அவளுக்கு அது முதல் நோன்பு. ஒரு குறையும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறாள்.

படைத்தார்கள். கயிறு கட்டினார்கள். நோன்பு எடுத்தவள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடவேண்டும். மாமியார் பகல் முழுக்கப் பட்டினி. வெறும் வயிற்றில் நாலு அதிரசம் சாப்பிட்டார். மாப்பிள்ளை இரண்டு. பச்சையம்மாள் தன் பங்கை எடுக்க உட்காரும்போது மாமியாருக்குக் கை கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மாமியார் போய்விட்டார். மாப்பிள்ளை மூன்று நாள் கிடந்து பிழைத்தார்.

வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் சாப்பிட்டார்கள். சுட்டவள் சாப்பிடவில்லை. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? அதற்கு முந்தைய வாரம் குழாயடியில் மாமியாருக்கும் மருமகளுக்கும் வாய்ச்சண்டை நடந்தது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். எந்த வீட்டில் நடக்கவில்லை? பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்ச அதிரசத்தைச் சோதனைக்கு மதராசுக்கு அனுப்பினார்கள். மஞ்சள் பூசிய எண்ணெய் டின் சமையலறையிலேயே இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அஞ்சலை அம்மாள் டிப்போவுக்கு வந்தார். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார்.

"சார், எனக்கு அந்த டின்னு மேலதான் சந்தேகமாக்கீது. நீங்க படிச்சவங்க. போலீசுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் பொண்ணு வெஷம் வெக்கல சார்."

கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. என்ன செய்தேன்? "பாக்கறேன்மா, ரெண்டு நாள்ல வர்றேன்" என்றேன்.

சுவரில் சர்க்குலர். டின் கொடுத்தவன் நான். கழுவினால் போதும் என்றவன் நான். வேலை போகும், ஒருவேளை கேஸே என் மேல் திரும்பும். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். இப்படி ஒரு கோழை எத்தனை காரணம் சொல்லமுடியுமோ அத்தனையும் சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலை அம்மாள் தினமும் வந்தார். டிப்போ எதிரே வேப்பமரத்தடியில் உட்காருவார். ஒன்றும் கேட்கமாட்டார். சாயந்திரம் எழுந்து போவார். எட்டு நாள் அப்படி. ஒன்பதாம் நாள் விழுப்புரத்துக்குப் போனேன். மனசாட்சி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதே ரகத்தில் இன்னொரு காலி டின்னைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் எதிரிலேயே கழுவினேன். தண்ணீர் தெளிந்தது. அதிலிருந்து கொஞ்சம் ஒரு தட்டில், வெல்லத்தோடு. பிறகு கடையில் வாங்கிய எண்ணெயை டின்னில் ஊற்றி, குலுக்கி, ஒரு மணி நேரம் வைத்து, அது ஒரு தட்டில், வெல்லத்தோடு. டின்னுக்குள் போகாத கடை எண்ணெய் மூன்றாவது தட்டில். ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

ஈக்கள் வந்தன. தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்தவை பறந்து போயின. கடை எண்ணெயில் உட்கார்ந்தவை காலைத் துடைத்துக்கொண்டு தள்ளாடிப் பறந்தன. நடுத்தட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் நடுத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கு வராதது எண்ணெய்க்கு வருதா?"

"ஆமா சார்."

"அந்தம்மா கழுவித்தானே வெச்சிருக்கு. பாவம். இந்த விஷயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட அதுகிட்டச் சொல்லலியா?"

வாய்வரைக்கும் வந்தது.

"இல்ல சார்" என்றேன். "டிப்போ கொல்லைல கெடந்தது. அவங்களா எடுத்துப் போயிருக்காங்க."

அப்படியே வாக்குமூலம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். முத்துமுத்தான கையெழுத்து.

மதராசிலிருந்து ரிப்போர்ட் வந்தது. அதிரசத்திலும், பிறகு அனுப்பிய டின் எண்ணெயிலும் நான் சொன்ன மருந்துதான். பச்சையம்மாளை விட்டுவிட்டார்கள். நாலு வாரம் ஆகியிருந்தது. மாமியாரின் கருமாதி முடிந்து, வீட்டை வெள்ளையடித்திருந்தார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு கதை வேண்டுமே? என் வாக்குமூலம் அந்தக் கதையைக் கொடுத்தது. "ஆத்தாக்காரி டிப்போவுல திருடின விஷ டின்னுல சீர் அனுப்பிச்சா." மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. பெற்றவளைப் பறிகொடுத்தவர். தெரியாமல் நடந்தது என்றால் மன்னித்திருப்பாரோ என்னவோ. திருட்டு டின் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சையம்மாள் தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

அஞ்சலை அம்மாள் அதற்குப் பிறகு டிப்போப் பக்கம் வரவே இல்லை. "மருந்து சார்தான் எடுத்துக் குடுத்தாரு" என்று ஊரில் சொல்லிப் பார்த்திருக்கிறார். படித்தவன் கையெழுத்துப் போட்டதை விட்டு அவர் சொன்னதை யார் நம்புவார்கள்? நான் வேலையை விட்டேன். பட்டணம் போனேன். எழுத ஆரம்பித்தேன். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன் என்று நீங்கள்கூடக் கடிதம் போட்டீர்கள்.

போன வாரம் பந்தியை எழுப்பிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்குப் போனேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. பச்சையம்மாள் மல்லாட்டை மில் ஒன்றில் தோல் புடைக்கிற வேலையில் இருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா போயி ஒண்ணரை வருசம் ஆவுது சார்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். தவறு, வயசு, பயம்... அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு சார்? நீங்க பேப்பர்ல எழுதறீங்களாமே. சாவற வரைக்கும் எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கினு இருந்துச்சி, நான் திருடலடின்னு. அத எழுதுங்க."

முறத்தைத் தூக்கி மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே, விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருப்பவர்களும், திண்டிவனத்தைச் சுற்றி இருப்பவர்களும், அந்தப் பழைய கேஸ் காகிதம் எங்கேயாவது இருந்தால் அதை வைத்திருப்பவர்களும் தயவுசெய்து படிக்கவேண்டும். அந்த டின்னை அஞ்சலை அம்மாள் திருடவில்லை. என்னிடம் கேட்டு வாங்கினார். ஒடுக்கு இல்லாததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஏழு தண்ணீர் கழுவி, கோழிக்கு வைத்துப் பார்த்து, எண்ணெய் ஊற்றலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். ஊற்றலாம் என்று நான் சொன்னேன். வாக்குமூலத்தில் நான் எழுதியது பொய்.

பச்சையம்மா... எழுதிவிட்டேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.